இலங்கைப் போரை விளங்கிக்கொள்ள நாவலா, வரலாறா?

திருகோணமலையில் தம்பிமார் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

காரணம் தெரிய: வரலாறுதான். 1956 தனிச் சிங்களச் சட்டம், 1983 ஜூலை வன்செயல், 2006 இல் திருகோணமலை மாவட்டத்து மாவிலாற்றின் பாசன மதகு மூடப்பட்டது என்று எதன் பின்னால் எது வந்தது என்பது அதில்தான் பிடிபடும்.

வலி தெரிய: நாவல். மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்று வரலாறு ஒரு வரியில் கடந்துவிடும், ஆனால் அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க, கதவைக்கூடச் சாத்தாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயின் கைநடுக்கத்தைக் கதைதான் காட்டும், அப்புறம் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என மூன்று வீட்டுக்குள்ளும் கூட்டிப்போகும்.

நம்பகம்: இரண்டிலும் எழுதியவரின் சாய்வு இருக்கும். வரலாற்றை அடிக்குறிப்பு பார்த்துச் சரிபார்க்கலாம்.

அரசியல் விவாதத்துக்குப் போகிறீர்களா, வரலாறு படியுங்கள். பக்கத்து வீட்டு ஐயா அந்த நாட்களைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை என்று அறிய வேண்டுமா, நாவலை எடுங்கள்.