499 ரூபாய் ட்யூனிங், 7,850 ரூபாய் பில்: பழைய பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்க

"முழு ட்யூனிங் 499 ரூபாய் மட்டும்" என்று பேனர் கட்டியிருக்கும் கடையில் பழைய கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். மதுரைப் பக்கம் பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இப்போதைக்குப் போடவில்லை.

வண்டி 2010 ஸ்ப்ளெண்டர் பிளஸ். பெரியப்பா புதிதாக எடுத்து ஓட்டியது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட முடியாமல் 18,000 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்தார். இன்ஜினை ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை என்பதில் மனிதருக்கு அப்படியொரு பெருமை. சர்வீஸ் பில்களை மஞ்சப்பையில் போட்டு அதையும் சேர்த்தே கொடுத்தார். 15 வருஷம் முடிவதால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். காலையில் சோக் போட்டும் லேசில் ஸ்டார்ட் ஆகாது. மைலேஜும் 45க்கு இறங்கியிருந்தது. மற்றபடி புகையோ சத்தமோ கிடையாது.

காலையில் அந்தக் கடையில் வண்டியை விட்டேன். மதியத்துக்கு மேல் போன் வந்தது. "அண்ணே, இன்ஜினைப் பிரிச்சாச்சு. போர் தேஞ்சு போச்சு. இப்படியே விட்டா புகை அடிக்கும், எஃப்.சி. கிடைக்காது. பிஸ்டன் செட் மாத்தி ரீபோர் பண்ணிரலாமா?"

போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்துளை, அதைக் கடைந்து பெரிதாக்குவதுதான் ரீபோர், எஃப்.சி. என்றது தகுதிச் சான்றிதழை. பிரித்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்பதில்தான் சூட்சுமமே. வேண்டாமென்றால் திரும்ப மாட்டக் கூலி கேட்பார்கள், இல்லையென்றால் இன்ஜினைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வேறு கடை தேட வேண்டும். சரியென்றேன். அன்று சாயங்காலமே வண்டி ரெடி. ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாத துண்டுச் சீட்டில் 7,850 ரூபாய். பழைய பிஸ்டனைக் கேட்டதும் ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். "நல்லா முறுக்கி ஓட்டுங்கண்ணே" என்று அனுப்பிவைத்தார்கள்.

விஷயம் வெளியே வந்தது பெட்ரோல் பங்க்கில் புகைச் சோதனை எடுத்தபோது. 2000க்குப் பிறகு வந்த, பி.எஸ்.4 என்ற புகை விதிக்கு முந்தைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் வண்டி அதைத் தாண்டி நின்றது. ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்ட வண்டி! "பெட்ரோல் ஓவரா போகுது சார், கார்ப்பரேட்டரைப் பாருங்க" என்றார் சோதனை எடுத்த பையன்.

பெரியப்பா வழக்கமாக விடும் பாய் கடை ஊருக்குள் இருக்கிறது. வண்டியைப் பார்த்த பாய் ஒன்றும் பேசாமல் பெட்ரோலில் நனைத்த துணியால் கார்ப்பரேட்டரைத் துடைத்தார். மேலே தடவியிருந்த கரியும் கிரீஸும் துணியோடு வர, உள்ளே புத்தம்புது வெள்ளை அலுமினியம். கம்பெனி முத்திரை எங்கேயும் இல்லை. "இது உங்க பெரியப்பா வண்டியில இருந்தது இல்ல தம்பி. டூப்ளிகேட்டு."

அடுத்து இன்ஜினுக்குக் குனிந்தார். ஹெட்டுக்கு (இன்ஜினின் மேல்பாகம்) மேலே இருக்கும் டோம் நட்டுகளைச் சுற்றி எண்ணெயும் மண்ணும் கெட்டியாகப் படிந்து கிடந்தது. ஸ்பேனர் பட்ட நட்டு என்றால் முனை பளபளக்கும். பிளாக்குக்கு (சிலிண்டர் இருக்கும் பாகம்) கீழே, இணைப்பில் வைக்கும் புது பேக்கிங் விளிம்பு தெரியும். இரண்டும் இல்லை. கவரில் இருந்த பிஸ்டனை வாங்கித் திருப்பினார். தலையில் 0.50 என்று அடித்திருந்தது. அது ஓவர்சைஸ் பிஸ்டன். ஏற்கெனவே போர் பண்ணிய ஏதோ ஒரு இன்ஜினில் ஓடியது. என் வண்டியில் இருப்பதோ கம்பெனியில் போட்ட ஸ்டாண்டர்டு. பிரிக்காத இன்ஜினுக்குப் பில், அடுத்தவன் வண்டி பிஸ்டன் அதற்குச் சாட்சி, என் ஒரிஜினல் கார்ப்பரேட்டர் போன இடம் தெரியவில்லை.

உண்மையில் ரீபோர் என்றால் பிளாக்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, போர் அடித்து, உள்சுவரைத் தேய்த்து ஹோனிங் செய்து வாங்கி வர வேண்டும். மதியம் போன் போட்டுவிட்டு அன்று சாயங்காலமே மாட்டித் தருகிற வேலையில்லை. அப்படியே செய்திருந்தாலும் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முறுக்காதே என்றுதான் எந்த மெக்கானிக்கும் சொல்வார். போர் போன வண்டி வேறு மாதிரி காட்டிக்கொடுக்கும்: நீலப் புகை வரும், ஆயில் லெவல் இறங்கிக்கொண்டே போகும், கிக்கர் லூசாக இறங்கும், பிளக்கைக் கழற்றினால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருக்கும். பிளக் உலர்ந்த கரியாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோல், காற்று அளவில்தான். காலைக் குளிரில் வரும் லேசான வெள்ளைப் புகை வெறும் நீராவி. அதைக் காட்டி இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாய் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை இன்ஜின் ஆறிய பிறகுதான் டேப்பெட்டில் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) கை வைத்தார். சூட்டோடு பார்த்தால் கணக்குத் தப்பும். ஏர் ஃபில்டர் கறுத்துப் போயிருந்தது, புதிது. பிளக் புதிது. செயினைக் கழுவி, விரலால் தூக்கினால் ஒரு அங்குலம் ஆடுகிற மாதிரி வைத்தார். 10டபிள்யூ30 ஆயில், இந்த இன்ஜின் ஒரு லிட்டர்கூடக் குடிக்காது, ஒன்றரை லிட்டர் என்று பில் போட்டால் சிரித்துவிடுங்கள். கூலியோடு 1,150 ரூபாய். ஒரிஜினல் கார்ப்பரேட்டருக்குத்தான் தனியாகச் செலவு. இப்போது சோதனையில் பாஸ். மைலேஜும் 58 வருகிறது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "வேலை பார்த்த பையன் நின்னுட்டான் சார்" என்பதோடு முடித்துக்கொண்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. துண்டுச் சீட்டு, யுபிஐ பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட், அந்தப் பிஸ்டன், பெரியப்பாவின் சர்வீஸ் பில்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

அந்தப் பக்கம் 499 பேனரைப் பார்த்து வண்டி விட்டவர்கள் ஒரு துணியில் பெட்ரோல் நனைத்து உங்கள் கார்ப்பரேட்டரைத் துடைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் போட்டோ எடுத்து, பில்லோடு என்னிடம் சொல்லுங்கள். ஆணையத்துக்குப் போகும்போது சேர்ந்தே போகலாம்.