கேபிளா, கார்டு ரீடரா, வைஃபையா: கேமராப் படங்களைக் கணினிக்கு மாற்றும் வழிகள்

24 மெகாபிக்சல் கேமராவில் எடுக்கும் ஒரு ரா கோப்பு, அதாவது ஜேபெக்காக மாற்றப்படாத மூலப்படம், ஏறத்தாழ 25 மெகாபைட் இருக்கும். ஒரு கல்யாணத்தில் ஆயிரம் படங்கள் எடுத்தால் 25 ஜிபி சேர்ந்துவிடும். அவற்றைக் கணினிக்கு மாற்ற மூன்று வழிகள் உண்டு: கேமராவைக் கேபிளால் நேரே கணினியுடன் இணைக்கலாம், மெமரி கார்டை எடுத்து ரீடரில் போடலாம், வைஃபை வழியாக அனுப்பலாம். பெரும்பாலோர் வேகத்தை மட்டுமே வைத்து இவற்றை ஒப்பிடுகிறார்கள். வேகம் முக்கியந்தான், ஆனால் ஏதாவது தவறு நேரும்போது ஒவ்வொரு வழியும் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

வேகக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கேனான் 1500டி, நிக்கான் டி5600 போன்ற, இங்கே பலர் கையிலுள்ள கேமராக்களில் இருப்பது யுஎஸ்பி 2.0 இணைப்பு. அதன் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 35 கிடைத்தாலே நல்லது. அந்தக் கணக்கில் 25 ஜிபிக்குச் சுமார் 12 நிமிடம் பிடிக்கும். அதே கார்டை யுஎஸ்பி 3.0 ரீடரில் போட்டு நொடிக்கு 90 மெகாபைட் கிடைத்தால், ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடியும். வைஃபையில் நொடிக்கு 5 மெகாபைட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலாகும். கேமராவில் சி வகை போர்ட் இருப்பதாலேயே வேகமும் கூடியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கேனான் ஆர்50 கேமராவின் போர்ட் சி வகைதான் என்றாலும் உள்ளே ஓடுவது அதே 2.0.

கேபிளில் எனக்குள்ள உண்மையான குறை வேகம் அன்று. பெரும்பாலான கேமராக்கள் கேபிளில் இணைந்ததும் பென் டிரைவைப் போல D:, E: என்ற டிரைவ் எழுத்துடன் கணினியில் தோன்றுவதில்லை. அவை பிடிபி என்ற நெறிமுறையிலோ அதன் நீட்சியான எம்டிபியிலோ பேசுகின்றன. என்னென்ன படங்கள் உள்ளன என்று கணினி கேட்கிறது, கேமரா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே கேமரா காட்டும் படங்களை மட்டுமே கணினி அறியும். தவறுதலாக அழித்த படங்களை மீட்கும் மென்பொருள்கள் கார்டின் ஒவ்வொரு பகுதியையும் நேரடியாகப் படிக்க வேண்டியிருப்பதால், இந்த இணைப்பில் அவற்றால் எதுவும் செய்ய இயலாது; அன்றைக்கு எப்படியும் ரீடரைத் தேடித்தான் ஆக வேண்டும். சோனி கேமராக்களின் மெனுவில், கேமராவைப் பென் டிரைவைப் போலத் தோன்றச் செய்யும் மாஸ் ஸ்டோரேஜ் என்ற தேர்வு இருப்பதால் அவை இதற்கு விதிவிலக்கு. இது போதாதென்று, மாற்றி முடியும்வரை கேமரா விழித்திருக்க வேண்டும். நாள் முழுவதும் உழைத்துக் களைத்த பேட்டரி பாதியில் கைவிட்டுவிடுவதும் உண்டு. கால் தடுக்கிக் கேபிள் இழுபட்டால் அடி விழுவது கேமராவின் போர்ட்டுக்கு. ரீடர் உடைந்தால் சில நூறு ரூபாயில் வேறு வாங்கிவிடலாம், போர்ட் ஆடத் தொடங்கினால் சர்வீஸ் சென்டரில்தான் போய் நிற்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ரீடரைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மனம் வரவில்லை, ஏனெனில் அது பொறுப்பு முழுவதையும் நம் தலையில் கட்டிவிடுகிறது. என் பழைய ரீடர் எஸ்டிஎச்சி என்ற முந்தைய கார்டு வகையின் காலத்தது, 32 ஜிபி வரையிலான கார்டுகளை மட்டுமே அறிந்தது. அதில் ஒருநாள் 64 ஜிபி கார்டைப் போட்டபோது, கார்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. சரி என்ற பொத்தானின் மேல் விரல் போய்விட்டது. நல்ல வேளை, அழுத்தவில்லை. கார்டை எடுத்துக் கேமராவில் போட்டுப் பார்த்தால் எல்லாப் படங்களும் அப்படியே இருந்தன. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளில் கோப்புகள் எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு முறையில் அடுக்கப்படுகின்றன. அவற்றைப் படிக்க முடியாதபோதுதான் அந்தக் கேள்வி வருகிறது. பழைய ரீடரை இன்னும் வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்விக்கு ஒருபோதும் சரி என்று சொல்லிவிடக் கூடாது.

அன்றிலிருந்து, எஸ்டி கார்டின் இடப்பக்கத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்ப்பாளைக் கீழே தள்ளிப் பூட்டிய பிறகே ரீடரில் செருகுகிறேன். அந்தத் தாழ்ப்பாளுக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சில்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது எந்த நிலையில் நிற்கிறது என்பதை ரீடரே பார்த்துக்கொள்கிறது. என்றாலும் முறையான ரீடரில் தவறான அழிப்பையும் ஃபார்மேட்டையும் அது தடுத்துவிடும். கேமராவுக்குள் திரும்பப் போடும்போது மேலே தள்ள மறந்தால், கார்டு பூட்டப்பட்டுள்ளது என்று திரையில் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்.

ரீடரில் இன்னொரு பள்ளமும் உண்டு. படங்கள் டிசிஐஎம் ஃபோல்டரில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் இழுத்துக் கணினியில் போட்டுவிட்டுக் கார்டைத் துடைத்துவிடுகிறார்கள். சோனி கேமராக்களில் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற வடிவத்தில் எடுத்த வீடியோக்கள் பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் எம்4ரூட் என்ற உள்ஃபோல்டரில் கிடக்கும். தாலி கட்டும் வீடியோ அங்கே இருந்திருந்தால் என்ன பதில் சொல்வது? படங்களின் எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-இல் தொடங்கும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுபவர்களுக்குப் பழைய படத்தின் மேல் புதிய படம் எழுதப்படும் ஆபத்தும் இருக்கிறது. நாள்வாரியாக ஃபோல்டர் பிரித்து வைக்கும் இறக்குமதி மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

ரீடர் வாங்கும்போது கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். எஸ்டி கார்டுகளின் வேகத் தரங்களில் ஒன்றான யுஎச்எஸ்-1-இன் உச்சவரம்பு நொடிக்கு 104 மெகாபைட். அந்தக் கார்டுகளில் 170 என்றோ 200 என்றோ போட்டிருந்தால், அது அதே நிறுவனத்தின் தனி ரீடரில் கிடைக்கும் வேகம். பின்புறம் இரண்டு வரிசைத் தகடுகள் உள்ள யுஎச்எஸ்-2 கார்டு 312 வரை செல்லக்கூடியது, ஆனால் ரீடரும் அதே தரத்தில் இருந்தால்தான்.

வைஃபையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் கேமரா தானே ஒரு வலையமைப்பை உண்டாக்கி மடிக்கணினியை அதில் சேரச் சொல்கிறது. அதில் சேர்ந்திருக்கும்வரை வீட்டு வைஃபையின் இணையம் துண்டிக்கப்பட்டுவிடும். பத்துப் படங்களைக் கைபேசிக்கு அனுப்பி உடனே வாட்ஸ்அப்பில் பகிர இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலி புளூடூத் வழியாகத் தானாக அனுப்புபவை 2 மெகாபிக்சலாகச் சுருக்கப்பட்ட படங்கள் என்பதை அறியாமல், எல்லாம் கைபேசிக்கு வந்துவிட்டதே என்று கார்டை அழித்துவிட்டால் ஆல்பம் அச்சிடும்போதுதான் விஷயம் தெரியவரும்.

ஆக, யுஎஸ்பி 2.0 கேமரா வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு ரீடர்தான். ஸ்டூடியோவில் எடுத்த படத்தை எடுத்த கையோடு திரையில் பார்க்க வேண்டியவர்களுக்குக் கேபிள். ஆனால் 2020-இல் வந்த கேனான் ஆர்5 போன்ற கேமராக்களில் இந்தத் தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது. அதிலுள்ள சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற அதிவேகக் கார்டுக்கான ரீடர் எஸ்டி ரீடரைப் போலச் சில நூறு ரூபாயில் கிடைப்பதில்லை, கேமராவின் யுஎஸ்பி இணைப்போ நொடிக்கு 10 கிகாபிட் தரத்திலானது. அப்படிப்பட்ட கேமராவுக்கு, முழு பேட்டரியைப் போட்டு, பெட்டியில் வந்த கேபிளையே நான் செருகுவேன்.