தூரத்து ஷைகா, தெருக்கோடி ஷைகா?

போன மாதம் தங்கை மகன் கேட்டான்: "மாமா, பைஅத் வாங்கலாம்னு இருக்கேன். யூடியூப்ல பேசுற அந்த ஷைகுகிட்டயா, இல்ல நம்ம ஹழ்ரத்துகிட்டயா?" பைஅத் என்றால் ஆன்மிகப் பாதையில் வழிகாட்டுகிற ஷைகிடம் உறுதிமொழி கொடுத்து முரீதாக, அதாவது சீடராகச் சேர்வது. ஹழ்ரத் என்று அவன் சொன்னது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஷைகை. வாட்ஸ்அப்பில் நாலு வரி பதில் போட்டேன். அவனுக்குப் போதவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு ஷைகிடம் ஆன்லைனில் பைஅத் வாங்கி மூன்று வருடம் இருந்தேன். இப்போது ஏழு வருடமாகத் தெருக்கோடி ஹழ்ரத்திடம் இருக்கிறேன். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது இதற்குள் புரிந்திருக்கும்.

ஷைகே வேண்டாம், பைஅத்தே பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்பவர்களோடு இங்கே மல்லுக்கட்டப் போவதில்லை. அந்தச் சண்டை நம் பள்ளிவாசல்களில் பல வருடமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் "தஸவ்வுஃப் (சூஃபி வழி) வேண்டும், அதற்குக் கிதாபு (புத்தகம்) போதாதா?" என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிரானடாவில் இதே விவாதம் முற்றிப்போய், அந்த ஊர் அறிஞர் இமாம் ஷாத்திபி கேள்வியை எழுதி மொராக்கோவின் ஃபாஸ் நகரத்து ஆலிம்களுக்கு (மார்க்க அறிஞர்களுக்கு) அனுப்பினார். பதில் எழுதியவர்களில் ஒருவர் இப்னு அப்பாது. ஹிகம் என்ற புகழ்பெற்ற சூஃபி நூலுக்கு ஷரஹ் (விளக்கவுரை) எழுதிய அதே பெரியவர். ஷைகில் இரண்டு வகை என்று அவர் பிரித்தார். சொல்லிக்கொடுக்கிற தஃலீம் ஷைகு எல்லோருக்கும் வேண்டும். பக்கத்தில் வைத்துப் பழக்குகிற தர்பியத் ஷைகு எல்லோருக்கும் கட்டாயமில்லை. மந்த புத்தியும் அடங்காத நஃப்ஸும் (மன இச்சையும்) உள்ளவனுக்குத்தான் அவர் அவசியம். வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் இந்த விவாதத்துக்காகத் தனிப் புத்தகமே எழுதினார். தக்வாவோடு (இறையச்சத்தோடு) வாழ ஷைகு கட்டாயமில்லை, கஷ்ஃபை (திரை விலகி மறைவானவை தெரிவதை) தேடும் பாதையில் ஷைகு இல்லாமல் கால் வைக்கவே கூடாது என்பது அவர் முடிவு. இதைப் படித்தபோது, "அடங்காத நஃப்ஸ்" என்ற இடத்தில் என் பெயரையே எழுதியிருந்த மாதிரி இருந்தது. கிதாபு மட்டும் என்ற யோசனையை அன்றோடு விட்டேன்.

சரி, தூரத்து ஷைகு. அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இல்மு (மார்க்க அறிவு) உள்ளவர், இஜாஸத்தும் (தன் ஷைகு கொடுத்த அனுமதியும்) ஸில்ஸிலாவும் (குரு பரம்பரையும்) தெளிவாக இருந்தன, ஒரு பைசா கேட்டதில்லை. தூரத்திலிருந்து பைஅத் செல்லுமா என்று சிலர் கேட்பார்கள். மக்காவில் இருந்த ஷைகு ஹாஜி இம்தாதுல்லாஹ் அவர்கள், பின்னாளில் பெரிய ஆலிமான, அப்போது இந்தியாவில் மாணவராக இருந்த அஷ்ரஃப் அலீ தானவியைக் கடிதம் வழியாகத்தானே முதலில் ஏற்றுக்கொண்டார்கள்? அந்தத் தானவி அவர்களே பிறகு தன் ஊரான தானா பவனில் உட்கார்ந்து முரீதுகளின் கடிதங்களுக்குப் பதில் எழுதியே எத்தனையோ பேரைச் சீர்செய்தார்கள். ஆகவே தூரம் புதுசு இல்லை, கூடாததும் இல்லை.

எனக்கு இடித்தது வேறு இடத்தில். மாதம் ஒரு முறை நம் நிலையை எழுதி அனுப்ப வேண்டும். நானும் எழுதினேன். திக்ரில் (இறைநாமம் ஓதும்போது) அழுகை வந்தது, இப்படி ஒரு கனவு கண்டேன், தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) நாற்பது நாள் விடாமல் தொழுதேன். ஐந்தாறு வாரம் கழித்து அவருடைய கலீஃபா (பிரதிநிதி) ஒருவரிடமிருந்து பதில் வரும். நல்ல பதில்தான். ஆனால் நான் எழுதியதற்குத்தானே பதில் வரும்? எழுதாமல் விட்டதற்கு எங்கிருந்து வரும்?

தெருக்கோடி ஹழ்ரத்திடம் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வியாழன் இரவு ஹல்கா (திக்ர் கூட்டம்) முடிந்து எல்லோரும் நார்ஷா (அங்கே பங்கிடும் தின்பண்டம்) வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஹழ்ரத் என்னை மட்டும் உட்காரச் சொன்னார். "தம்பி, தஹஜ்ஜுதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சுபுஹுக்கு அப்புறம் தூங்காதீங்க. உம்மா பால் காய்ச்சும்போது பக்கத்துல போய் நில்லுங்க. நாற்பது நாள்." அவ்வளவுதான். வேறு விளக்கம் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் விளங்கியது. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு சுபுஹு (அதிகாலைத் தொழுகை) முடிந்த பிறகு படுப்பேன். அடுப்படியில் பாத்திரம் உருண்டால் உம்மாவிடம் எரிந்து விழுவேன். ஒரு நாள், "இந்த வீட்டுல ஒரு இபாதத் பண்ண முடியுதா?" என்றுகூடக் கத்தியிருக்கிறேன். உம்மா முருங்கைக்கீரை கொடுக்கப் போன இடத்தில் ஹழ்ரத்தின் வீட்டம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். மூன்று வருடம் எழுதிய மாதக் கடிதங்களில் அந்தப் பால் பாத்திரம் ஒரு முறைகூட வரவில்லை. நான் மறைக்கவில்லை. அது எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இதை வைத்துத்தான் என் மொத்த முடிவும். பைஅத் வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் பராமரிப்பு. நம்மைப் பற்றி நாம் சொல்லாத செய்தி ஷைகின் காதுக்குப் போக ஒரு வழி இருக்க வேண்டும். தெருவில் அது இருக்கிறது. போனில் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு: நமக்கும் அவர் தெரிகிறார். ஒரு முறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனை ஹழ்ரத் வாசலில் வைத்து ஏசிவிட்டார். நல்ல சத்தம். நானும் பார்த்தேன். அன்று அஸருக்குப் பிறகு, அந்த வண்டி திரும்பி வரும் முனையில் போய் நின்று பையனிடம் மன்னிப்புக் கேட்டதையும் பார்த்தேன். வீடியோவில் கோபம் வராத ஷைகைத்தான் பார்த்திருந்தேன். கோபம் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கேதான் கற்றேன்.

பெரியவர்களும் தூரமாகப் போகாமல் இல்லை. நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் குவாலியர் வரை போய் அங்கிருந்த ஷைகு முஹம்மது கவுது அவர்களிடம் முரீதானார்கள். ஆனால் போனவர்கள் அங்கேயே பல வருடம் தங்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமைப் பாருங்கள் (1816–1898): ஷைகான தைக்கா சாஹிபின் மகளையே கட்டிக்கொண்டார்கள். பெயரிலேயே மாப்பிள்ளை இருக்கிறது. அதற்கு மேல் என்ன பக்கம் வேண்டும்?

பக்கத்து ஷைகுக்கும் விலை உண்டு. எங்கள் ஹழ்ரத் ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) பெரிய ஆலிம் இல்லை. ஜகாத்துக் கணக்கு, பாகப்பிரிவினை என்றால் மத்ரஸாவுக்குத்தான் ஓடுகிறேன். ஹல்காவுக்கு இரண்டு வாரம் போகாவிட்டால் தெருவே விசாரிக்கும். ஒத்துவராவிட்டால் விலகுவது கஷ்டம். ஆன்லைனில் குரூப்பிலிருந்து வெளியேறினால் முடிந்தது, இங்கே தினமும் ஐந்து வேளை முகத்தில் முழிக்க வேண்டும். அப்புறம், இல்முவும் இஜாஸத்தும் இல்லாமல் வாப்பாவின் தலைப்பாகையை மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்; பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் கையைக் கொடுத்துவிடக் கூடாது. "குளிப்பாட்டுகிறவர் கையில் மய்யித்து (பிரேதம்) போல ஷைகிடம் இரு" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு பணம் கேட்டாலோ, ஷரீஅத்துக்கு மாறாக ஒன்றைச் செய்யச் சொன்னாலோ, அன்றே எழுந்து வந்துவிட வேண்டும். படைத்தவனுக்கு மாறு செய்வதில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் கிடையாது.

இரண்டு இடத்தில் என்னால் உறுதியாகப் பேச முடியாது. ஒன்று, பெண்கள் விஷயம். என் மனைவி இன்றும் அந்தத் தூரத்து ஷைகின் முரீதுதான். "உங்க ஹழ்ரத்துகிட்ட நான் பேசணும்னா அவங்க வீட்டம்மா வழியாப் பேசணும், எங்க ஷைகுகிட்ட பெண்களுக்குன்னே தனி வகுப்பு இருக்கு" என்கிறாள். என்னிடம் பதில் இல்லை. இரண்டு, பிழைப்புக்காக வெளிநாடு போனால் என்ன செய்வது என்பது. நான் துபாயில் இருந்தது இரண்டே மாதம். வாரம் ஒரு போன், ஓடிவிட்டது. இரண்டு மாதத்தை வைத்து இருபது வருடத்தைப் பற்றிச் சொல்வது சரியில்லை.

தங்கை மகனுக்கு: வருகிற வியாழன் மஃரிபுக்குப் பிறகு வா. பைஅத்தைப் பற்றி வாயே திறக்காதே. ஆறு மாதம் பின்வரிசையில் சும்மா உட்கார். யூடியூபில் அந்த ஷைகின் பயான்களையும் (சொற்பொழிவுகளையும்) கேட்டுக்கொண்டே இரு, ஒன்றும் தப்பில்லை. வரும்போது உன் உம்மாவிடம் சொல்லிவிட்டு வா.