பண்ணைப் பங்குப் பெட்டி: ஒரு பருவம் வாங்கிப் பார்த்ததில்

பண்ணைப் பங்குப் பெட்டி என்றால், பருவம் தொடங்குமுன்பே ஒரு பண்ணைக்கு மொத்தப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். அங்கே விளைந்த காய்கனியில் நம் பங்கு வாராவாரம் பெட்டியில் வரும்; மழை கெடுத்தால் பெட்டியும் இளைக்கும். ஜப்பானில் 1970களில் ‘தெய்கெய்’ என்ற பெயரில் பரவிய ஏற்பாடும் இதே வகைதான்.

முதல் மாதம் எரிச்சல்தான் மிச்சம். மூன்று வாரம் தொடர்ந்து பீட்ரூட். கீரையில் அத்தனை மண், அலசவே கால் மணி நேரம். ஒரு கட்டு அழுகிக் குப்பைக்குப் போனது. அப்புறம் வழி பிடிபட்டது: பெட்டி வந்த அன்றே கீரை, அடுத்து வெண்டை, கத்தரி, கிழங்கெல்லாம் கடைசியில். காசு ஏற்கெனவே போய்விட்டதால் வெளியில் சாப்பிட மனம் வருவதில்லை. இதன் சூட்சுமமே அதுதான் என்பது என் கணிப்பு.

ஒருவர் நாளுக்கு 400 கிராம் காய்கனியாவது சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை போட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் பாதிகூடத் தேறியிருக்காது, இப்போது தாண்டுகிறது. (உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் சேராது, ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்!)

பழம்தான் ரொம்பக் குறைவு. தனியாளுக்கு அரைப் பங்கே அதிகம். சமைக்கப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். நான் அடுத்த பருவத்துக்கும் கட்டிவிட்டேன், பீட்ரூட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி.