பத்திரம், மார்க்‌ஷீட்டையெல்லாம் எங்க வைக்கலாம்: ஸ்கேன் ஆப், ட்ரைவ், டிஜிலாக்கர்

2020 ஜூன் 29ல மத்திய அரசு 59 ஆப்களைத் தடை பண்ணுச்சே, அதுல டிக்டாக் போனதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே லிஸ்ட்ல கேம்ஸ்கேனரும் இருந்துச்சு. ஆதார், மார்க்‌ஷீட், வாடகை அக்ரிமென்ட்டுன்னு எல்லாத்தையும் அதுல ஸ்கேன் பண்ணி அப்படியே அதுக்குள்ளயே விட்டுவச்சிருந்தவங்க எத்தனை பேர். அதுக்கு முந்தின வருஷமே அந்த ஆப்போட ஆண்ட்ராய்டு வெர்ஷன்ல மால்வேர், அதாவது கெடுதல் பண்ற புரோகிராம், இருக்குன்னு காஸ்பர்ஸ்கிங்கற செக்யூரிட்டி கம்பெனி கண்டுபிடிச்சு, ப்ளே ஸ்டோர்லேருந்து கொஞ்ச நாள் தூக்கியும் வச்சாங்க. அதனால ஸ்கேன் ஆப்பை ஸ்கேன் பண்ண மட்டும் வச்சுக்கங்க, சேர்த்து வைக்கிற இடமா ஆக்காதீங்க.

கூகுள் ட்ரைவ் இதைவிட எவ்வளவோ மேல், ஃபைல் திருட்டுப் போற பயம் எனக்குப் பெருசா இல்ல. பயமெல்லாம் அக்கவுண்ட்டே போயிட்டா என்ன பண்றதுங்கறதுதான். இலவசமா தர்ற 15 ஜிபி ஜிமெயில், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்துதான். 2 வருஷம் தொடாம விட்ட அக்கவுண்ட்டை அழிக்கலாம்னு ரூலே இருக்கு, அப்பா பேர்ல ஒண்ணு ஓப்பன் பண்ணிட்டு மறந்தவங்க இதைக் கவனிங்க. 2022ல நியூயார்க் டைம்ஸ்ல வந்த ஒரு விஷயம் இன்னும் மனசை விட்டுப் போகல. சான் பிரான்சிஸ்கோல ஒரு அப்பா டாக்டருக்குக் காட்டறதுக்காக தன் குழந்தையை போட்டோ எடுத்திருக்காரு, அது தானா பேக்கப் ஆகி, கூகுள் சிஸ்டம் அதைக் குழந்தை ஆபாசப் படம்னு தப்பா எடுத்துக்கிட்டு அக்கவுண்ட்டை மூடிருச்சு. போலீஸ் விசாரிச்சு அவர் மேல தப்பில்லன்னு சொன்னாங்க, அப்பவும் அக்கவுண்ட் திரும்பக் கிடைக்கல. மெயில், போட்டோ, போன் நம்பர் எல்லாம் ஒரே கம்பெனிகிட்ட இருந்ததால எல்லாமே ஒண்ணா போச்சு.

மத்திய அரசு நடத்தற டிஜிலாக்கர் கதை வேற. சிபிஎஸ்இ மார்க்‌ஷீட், லைசென்ஸ், ஆர்சின்னு கொடுத்த ஆபீஸ்லேருந்தே நேரா வர்ற டாக்குமென்ட்டு சட்டப்படி ஒரிஜினலுக்குச் சமம், 2016 ரூல்ஸ்லயே இருக்கு. ஆனா நாமளே அப்லோட் பண்ற ஸ்கேனுக்கு அந்த மதிப்பு கிடையாது, இந்த வித்தியாசம் தெரியாம நிலப் பத்திரத்தை போட்டோ புடிச்சு ஏத்திட்டு நிம்மதியா இருக்கக் கூடாது. இன்னொண்ணு, ஓடிபி எல்லாம் நம்பரை நம்பித்தான். சிம் கட்டாகி 90 நாள் போனா அந்த நம்பர் வேற ஆளுக்குப் போகலாம், அதனால நம்பர் மாத்தினா முதல் வேலையா ஆதார்ல மாத்திருங்க.

வாட்ஸ்ஆப்ல தனக்குத்தானே அனுப்பி வைக்கிறதெல்லாம் கணக்குலயே சேர்க்காதீங்க, பேக்கப் இல்லாம போன் போனா அதுவும் போயிரும்.

அப்ப பேப்பரே போதுமான்னா, 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னைல டாக்குமென்ட்டெல்லாம் நனைஞ்சு போய் டூப்ளிகேட்டுக்கு கேம்ப்ல லைன்ல நின்னவங்களைக் கேளுங்க. ஒரிஜினல் கிரயப் பத்திரம் தொலைஞ்சா சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல் வாங்கலாம், ஆனா லோனுக்கு பேங்க்ல ஒரிஜினலைத்தான் கேப்பாங்க.

நான் பத்திரத்தோட ஒரிஜினலை பேங்க் லாக்கர்ல வச்சிருக்கேன், லைசென்ஸும் ஆர்சியும் டிஜிலாக்கர்ல, எல்லாத்தோட ஸ்கேனும் பாஸ்வேர்ட் போட்டு ட்ரைவ்ல ஒண்ணு, அக்கா வீட்ல பென்டிரைவ்ல ஒண்ணு. பாஸ்வேர்டை எழுதி அந்த பேங்க் லாக்கர்லயே வச்சிருக்கேன், எனக்கு எதாவது ஆச்சுன்னா வீட்ல திண்டாடக் கூடாதில்ல.