பின்னால் வரும் பெயரைக் கம்பைலர் எப்படிக் கண்டுகொள்வது?

பாம்பனில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு சேர்ந்து சிறு நிரல்மொழி ஒன்றுக்குக் கம்பைலர், அதாவது நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள், எழுதிவருகிறோம். சோதனை நிரல், மீன்பிடிக் கணக்கு. ‘விசைப்படகு’ என்ற வகைக்குள் (தரவின் வடிவத்தைச் சொல்லும் ‘டைப்’) அதில் தொழிலுக்குப் போகும் மீனவர்களின் பட்டியல். ‘மீனவர்’ என்ற வகைக்குள் அவர் போகும் படகு. எதை முதலில் எழுதினாலும் மற்றது இன்னும் அறிமுகமாகாத பெயர்.

பாஸ்கல், சி ஆகிய நிரல்மொழிகள் காட்டிய பழைய வழி, முன்கூட்டியே அறிவிப்பது. பாஸ்கலில் ‘ஃபார்வர்டு’, சியில் செயற்கூறின் (ஃபங்ஷன்) தலைப்பு வரி. நினைவகம் அரிதாக இருந்த காலத்தில், நிரலை ஒரே முறை படித்து முடிக்க அது உதவியது. இன்று அந்தச் சுமையை எழுதுபவர் தலையில் ஏற்றுவதற்கு நியாயமே இல்லை.

ஜாவா, கோ போன்றவற்றில் செயற்கூறுகளை எந்த வரிசையிலும் எழுதலாம். முதல் சுற்றில் பெயர்களை மட்டும் அட்டவணையில் சேர்த்துவிட்டு, அடுத்த சுற்றில் உள்ளே போய்ச் சரிபார்த்தால் போதும். செயற்கூறுகளுக்கு இது அருமையான வழி. ஆனால் ஓர் அணியின் (வரிசையாக அடுக்கிய மதிப்புகளின்) நீளம் ஒரு மாறிலியை, அதாவது மாறாத மதிப்பைச் சார்ந்து, அந்த மாறிலி இன்னொரு வகையின் அளவைச் சார்ந்து நின்றால், எத்தனை சுற்று வைத்தாலும் எதை முதலில் கணக்கிடுவது என்ற கேள்வி தீராது.

ஆகவே பெயர்களைத் திரட்டிய பிறகு, தேவைப்படும்போது தீர்க்கும் மூன்றாவது வழியே என் தேர்வு. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று நிலைகள்: தொடாதது, வேலையில் இருப்பது, முடிந்தது. வேலையில் இருக்கும் பெயரிடமே மறுபடி வந்து சேர்ந்தால் அது சுழல். சுழலெல்லாம் பிழையல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். படகுக்குள் மீனவரின் நினைவக முகவரி மட்டும் இருந்தால், 64 பிட் கணினியில் அதற்கு 8 பைட்டுகள். மீனவர் வகை முழுமையடையாமலேயே படகின் அளவு தெரிந்துவிடும். மீனவரைப் படகுக்குள்ளும் படகை மீனவருக்குள்ளும் முழுதாக வைத்தால் அளவுக்கு முடிவே இல்லை. ரஸ்ட் மொழி இதை மறுத்து, முகவரியை மட்டும் வைக்கும் ‘பாக்ஸ்’ போன்ற மறைமுகச் சுட்டு வழியாக எழுதச் சொல்கிறது.

சார்புகளை முதலில் வரைபடமாக்கி, கணினி அறிஞர் ராபர்ட் டார்ஜன் 1972-இல் வெளியிட்ட வழிமுறையால் சுழல்களைப் பிரிப்பதும் உண்டு. வகைகளைத் தானே ஊகிக்கும் ஹாஸ்கெல் போன்ற மொழிக்கு அது பொருந்தும். ஒன்றையொன்று அழைக்கும் செயற்கூறுகளை அங்கே கூட்டாகத்தான் ஊகிக்க முடியும். எங்கள் மொழியில் வகையை எழுதியே ஆக வேண்டும் என்பதால் அது தேவைப்படவில்லை.

பிழைச்செய்தியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ‘சுழல் உள்ளது’ என்று நிறுத்தாமல், விசைப்படகிலிருந்து மீனவருக்கு, மீனவரிலிருந்து மீண்டும் விசைப்படகுக்கு என்று முழுப் பாதையையும் வரி எண்களோடு அச்சிட வேண்டும்.