டிஎன்பிஎஸ்சி திருப்புதல்: காலக்கோடா, வரைபடமா?

தமிழக வரலாற்றைத் திருப்பிப் படிக்க காலக்கோடு வசதிதான்: 1799 கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கு, 1806 வேலூர்ப் புரட்சி, 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். காலவரிசைக் கேள்விகளுக்கு இது போதும். ஆனால் புவியியல் இதில் ஒட்டுவதேயில்லை.

வெற்று வரைபடத்தில் ஆறுகளை நீங்களே வரைந்து பாருங்கள். வைகைக் கரையில் கீழடி; தாமிரபரணியில் ஆதிச்சநல்லூர், அப்புறம் பாண்டியரின் பழைய துறைமுகம் கொற்கை. காவிரியில் 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, அதற்குக் கீழே கரிகாலனின் கல்லணை, கடல் தொடுமிடத்தில் பூம்புகார். ஆற்றின் போக்கிலேயே இரண்டு பாடமும் வந்துவிடுகிறது. ‘பொருத்துக’ வினாக்களில் தடுமாற்றம் இருக்காது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், சரி. என்றாலும் முதலில் வரைபடத்தையே எடுங்கள்; ஆண்டுகளுக்குக் கடைசி வாரம் போதும்.